பதினொரு புள்ளி

மாறா,

இதை உன்னை எதிரில் உட்கார வைத்துச் சொல்லத்தான் நினைத்தேன். போன ஞாயிறு உனக்குக் கம்பெனியில் ஓ.டி. அதற்கு முந்தின ஞாயிறு கல்யாணப் பத்திரிகை வைக்கக் கிளம்பிக்கொண்டிருந்தாய். "சொல்லும்மா, இன்னா விஷயம்?" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே கேட்டாய். ஹெல்மெட் போட்டவனிடம் என்னத்தைச் சொல்ல? "பார்த்துப் போடா, கன்டெய்னர் லாரி வரும்" என்று அனுப்பிவிட்டேன். முப்பத்து நாலு வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்று மூச்சுவிடாமல் பேசினவளுக்குப் பெற்ற பிள்ளையிடம் நாலு வார்த்தை பேச வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. படித்துவிட்டு நீ என்னைத் திட்டினாலும் சரி, பேசாமல் இருந்தாலும் சரி, அதற்கு அவகாசம் வேண்டுமே என்றுதான் இப்போதே தருகிறேன். சுகன்யாவுக்கும் படிக்கக் கொடு. கட்டிக்கொண்டு வருகிற வீட்டில் மாமியார் எப்படிப்பட்டவள் என்று அந்தப் பெண் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

அவள் வீட்டில் பூ வைத்த அன்று நடந்தது உனக்கு ஞாபகம்கூட இருக்காது. சாப்பிட்டு முடித்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் அப்பா, வெள்ளந்தியான மனுஷர், பேச்சுக்குக் கேட்டார்: "சம்பந்தியம்மா யுனிவர்சிட்டில கணக்கு புரொபசரு. மாப்பிள்ளைக்கும் கணக்கு நல்லா வருமா?" நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "எங்கங்க, எனக்குக் கணக்கு வராது. அதெல்லாம் அம்மாவோட சரி." எல்லோரும் சிரித்தார்கள். உன் அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். நானும் பல்லைக் காட்டினேன். காபியைக் குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அந்த வார்த்தை உன்னுடையது இல்லை, மாறா. என்னுடையது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் உன் முகத்தைப் பார்த்து நான் சொன்னது. சொல்லும்போது கோபத்தில் சொன்னேன். மூன்றாம் நாளே அது பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் இன்றைக்கு வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். சொல்ல வந்த விஷயம் இவ்வளவுதான். மீதியையும் சொல்கிறேன், நடுவில் கை தூக்காதே.

வடக்குப்பட்டில் நெல்லும் வேர்க்கடலையும் போட்ட எங்கள் குடும்பத்தில் எம்.எஸ்சி. வரை போனவள் நான் ஒருத்திதான். பெண் பார்க்க வந்த உன் அப்பாவிடம் நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன், மேலே படிப்பேன் என்று. அவர் பத்தாவதோடு நிறுத்தியவர். "படிச்சிக்கோ. எனக்கு இன்னா, நான் குறுக்க வர மாட்டேன்" என்றார். வரவும் இல்லை, சும்மா சொல்லக்கூடாது. தினமும் காலையில் டி.வி.எஸ். ஃபிப்டியில் ஒரகடம் கூட்ரோடு வரை கொண்டுவந்து விடுவார். அங்கிருந்து பட்டணத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். என் ஆராய்ச்சியில் பாதி அந்த பஸ்ஸில்தான் நடந்தது. பக்கத்து சீட்டுக்காரியின் கூடை மேலேயே நோட்டை வைத்து எழுதியிருக்கிறேன். ஒன்பது வருஷம் ஆயிற்று. என்னுடைய பிஎச்.டி. வைவாவுக்கு உன்னை அப்பா தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று வயது உனக்கு. வந்தவர்களுக்கெல்லாம் நான் வாங்கி வைத்திருந்த லட்டில் நீ மட்டும் நாலு தின்றாய். கேள்விகள் முடிந்து எல்லோரும் கைதட்டியபோது நீதான் கடைசி வரை தட்டிக்கொண்டிருந்தாய்.

அந்தத் தீசிஸில் நான் நிரூபித்த தேற்றம் என்ன என்று உனக்கு நன்றாகத் தெரியும். சுகன்யாவுக்காகச் சொல்கிறேன். சில புள்ளிகள், அவற்றை இணைக்கிற சில கோடுகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று, எத்தனை புள்ளியோ அந்த எண் வரைக்கும் மட்டும், ஒரு எண் கொடுக்க வேண்டும். கோட்டின் இரண்டு முனையிலும் இருக்கிற எண்களைக் கூட்டினால், எந்த இரண்டு கோட்டுக்கும் ஒரே விடை வரக்கூடாது. ஒரு குறிப்பிட்ட வகைப் படங்களில் எத்தனை புள்ளி இருந்தாலும் இப்படி எண் கொடுக்க முடியும் என்று நான் நிரூபித்தேன். இதனால் உலகத்தில் யாருக்கும் ஒரு வேளைச் சோறு வரப்போவதில்லை. ஆனால் எங்கள் துறையில் அதற்கு ஒரு பெயர் இருந்தது. கருத்தரங்குக்குக் கூப்பிட்டார்கள். என்னிடம் ஆராய்ச்சி செய்ய வந்த மூன்று பிள்ளைகள் அந்தத் தேற்றத்தின் மேல்தான் தங்கள் தீசிஸைக் கட்டினார்கள். நான் என்றால் அந்தத் தேற்றம், அந்தத் தேற்றம் என்றால் நான். அப்படி ஆகிப்போனது.

செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டு ஊரெல்லாம் முழுகியதே, அதற்கு அடுத்த கோடை. தண்டலத்துக் கல்லூரியில் நீ பி.எஸ்சி. கணிதம் முதல் வருஷம் முடித்திருந்தாய். நான் சொல்லி நீ அதை எடுக்கவில்லை, உனக்கே ஆசை. ஷேர் ஆட்டோவில் எட்டுப் பேரை எத்தனை விதமாக உட்கார வைக்கலாம் என்று டிரைவரிடமே கேட்டவன் நீ. "ஒரே விதந்தான் தம்பி, நெருக்கி" என்றார் அவர். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். அந்தக் கோடையில் எனக்குப் பேராசிரியர் பதவிக்கான நேர்முகம் வந்தது. என் கட்டுரைகளையெல்லாம் தொகுத்துக் கொடுக்க வேண்டும், படங்களைப் புதிதாக வரைய வேண்டும். எனக்குக் கோடு நேராக வராது. உன்னிடம் கொடுத்தேன். ஒரு பக்கம் அச்சடித்து மறுபக்கம் வெள்ளையாகக் கிடக்கிற தாள்தான் நம் வீட்டில் மலைபோல் கிடக்குமே, அதில் பச்சை ஸ்கெட்ச் பேனாவில் வரைந்தாய். வரைந்ததோடு விட்டிருக்கலாம். எண்ணும் போட்டுப் பார்த்தாய்.

நான் சமையலறையில் இருந்தேன். கையில் தாளோடு வந்து நின்றாய்.

"அம்மா, பதினொரு புள்ளி போட்டா எண் உக்கார மாட்டுதும்மா."

"சரியாப் போட்டுப் பாரு."

"போட்டுட்டேம்மா. எப்டிப் போட்டாலும் ரெண்டு கோட்டுக்கு ஒரே கூட்டல் வருது. உன் ப்ரூஃப்ல மூணாவது கேஸ்ல சும்மா 'சிமிலர்லி'ன்னு போட்டுட்டுப் போயிட்டே. அது சிமிலர் இல்லம்மா."

சுகன்யா, கணக்கு எழுதுகிறவர்களுக்கு இந்த 'சிமிலர்லி' ஒரு வியாதி. ஒரு நிலையை முழுசாக நிரூபிப்போம். அடுத்ததும் அதே மாதிரிதான் இருக்கும் என்று தோன்றும். பஸ் நிறுத்தம் வேறு வந்துவிடும். அந்த ஒரு சொல்லைப் போட்டுவிட்டு இறங்கிவிடுவோம். பதினாறு வருஷம், அதைப் படித்த பெரிய பெரிய ஆட்கள் எல்லோரும் அந்தச் சொல்லை நம்பித் தாண்டிப் போய்விட்டார்கள். என் பிள்ளை ஒருவன்தான் நின்று பார்த்தான்.

அப்போது நான் தாளை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை, மாறா. இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நேர்முகத்துக்கு ஐந்து நாள் இருந்தது. பயந்துபோயிருந்தேன். பயத்தில் எனக்கு வாய் நீளும் என்பது உனக்குத் தெரியும். "பத்தொன்பது வயசுல என் தீசிஸ்ல தப்புக் கண்டுபிடிக்க வந்துட்டியா? எத்தனை பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டது தெரியுமா? கணக்குன்னா கோடு கிழிக்கிறது இல்லடா. உனக்குக் கணக்கு வராது, விட்டுடு" என்றேன். எப்போதும் எதிர்த்துப் பேசுகிற நீ அன்றைக்கு "சரிம்மா" என்று சொல்லித் தாளை மடித்து மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனாய். போகும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனாய். அதைப் பார்த்தும் நான் கூப்பிடவில்லை.

மூன்றாம் நாள் எனக்குத் தேர்வு மேற்பார்வை. நூறு பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். கைப்பையில் உன் தாள் இருந்தது. ஒரு அடிஷனல் ஷீட்டை எடுத்து நானும் குனிந்தேன். தேர்வு முடிய இரண்டு மணி நேரம் இருந்தது, எனக்கு ஒரு மணி நேரம் போதும் என்று ஆகிவிட்டது. நீ சொன்னது சரி. மூன்றாவது நிலை முதல் இரண்டைப் போல இல்லை. பதினொரு புள்ளியில் தேற்றம் உடைந்துவிட்டது. ஒரு பெண் "மேடம், ஷீட்... மேடம்" என்று மூன்று தடவை கூப்பிட்டாளாம். எனக்குக் காதில் விழவில்லை. எனக்குக் கீழே தரை இருக்கிறதா என்று காலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை நேர்முகம். வெளி மாநிலத்திலிருந்து வந்திருந்த நிபுணர் ஒருவர், வயதானவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "உங்களுடைய இந்த முடிவு எல்லா நிலையிலும் சரிதானே?" ஒரு நொடி இருந்தது, மாறா. அந்த ஒரு நொடியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "எல்லா நிலையிலும் சரி" என்றேன். அவர் தலையாட்டினார். பதவி கிடைத்தது. உன் அப்பா தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். நீ தண்டலத்தில் ஒரு கடையில் எனக்கு ஒரு சிவப்பு மை பேனா வாங்கிக்கொண்டு வந்தாய். "புரொபசருக்கு, பேப்பர் திருத்த" என்றாய். அதை வாங்கும்போது உன்னைக் கட்டிப்பிடித்து அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாய். அந்தப் பேனாவால் நான் இதுவரை ஒரு விடைத்தாள்கூடத் திருத்தினதில்லை.

அப்புறம் நீ என்ன ஆனாய் என்று என்னைவிட உனக்குத் தெரியும். இரண்டாம் வருஷம் மார்க் இறங்கியது. மூன்றாம் வருஷம் மூன்று பேப்பர் அரியர். நான் கூட்டாளிகளைத் திட்டினேன், செல்போனைத் திட்டினேன், கல்லூரியைத் திட்டினேன். உண்மையான காரணம் உனக்குச் சோறு போட்டுக்கொண்டே திட்டிக்கொண்டிருந்தது. எம்.எஸ்சி. விண்ணப்பத்தை நானே பூர்த்தி செய்து கொண்டுவந்தேன். "வேணாம்மா, எனக்குக் கம்பெனியே போதும்" என்றாய். கான்ட்ராக்டர் மூலமாக ஒரகடத்தில் சேர்ந்தாய். அதற்கும் கத்தினேனே, பாவி! "புரொபசர் வீட்டுப் பிள்ளை லைன்ல நிக்குதுன்னு ஊர் சிரிக்குது" என்றேன். உன் அப்பாதான், "வுடு, அவன் கையில ஒரு தொழில் கீது. உனக்கு இன்னா வந்துச்சி?" என்று என்னை அடக்கினார். கம்பெனி வேலையைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்காதே. நீயாக விரும்பிப் போயிருந்தால் எனக்கு இந்தக் கடிதமே தேவையில்லை. நீ போகவில்லை, நான் துரத்தினேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் கம்பெனியில் ஃபேமிலி டே என்று பஸ் அனுப்பி எங்களைக் கூட்டிப்போனார்கள். உன் லைனைப் பார்த்தோம். கார் சீட் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தது. தலைக்கு மேலே நீளமாக ஒரு கயிறு. நீ ஒரு சீட்டைத் தொட்டுப் பார்த்தாய், கை உயர்த்திக் கயிற்றை இழுத்தாய். ஒரு பாட்டுச் சத்தம் வந்தது, விளக்கு எரிந்தது, மொத்த லைனும் நின்றுவிட்டது. நான் பயந்துபோனேன், இன்றைக்குப் பார்த்து என் பிள்ளைக்குத் திட்டு விழப்போகிறதே என்று. சூப்பர்வைசர் ஓடிவந்தார், குனிந்து பார்த்தார், "போல்ட் லூஸ்தான். குட் கேட்ச், மாறா" என்று முதுகில் தட்டினார். அப்புறம் என்னைப் பார்த்து, "யார் தப்புப் பார்த்தாலும் இழுக்கலாம்மா. புதுசா சேர்ந்த ட்ரெய்னிகூட இழுக்கலாம். இழுக்கலைன்னாதான் திட்டுவோம்" என்றார். நான் ரெஸ்ட்ரூம் எங்கே என்று கேட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். திரும்பும்போது பஸ்ஸில் "கண்ணு ஏம்மா செவந்திருக்கு?" என்று கேட்டாய். வெல்டிங் வெளிச்சம்டா என்றேன். உன் லைனில் வெல்டிங்கே கிடையாது. நீ தண்ணீர் பாட்டிலை நீட்டினாய்.

அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என்னிடம் ஆராய்ச்சி செய்த பிள்ளைகளின் பட்டம் என்ன ஆகும் என்று எனக்கு நானே ஒரு சாக்கு வைத்திருந்தேன். நல்ல சாக்கு, பாதி உண்மையும்கூட. ஆனால் இந்த வருஷம் ஓய்வு பெற்று, பென்ஷன் உத்தரவு கைக்கு வந்த பிறகுதானே என் தேற்றத்தை வெளியிட்ட ஆராய்ச்சி இதழுக்குத் திருத்தம் எழுதினேன்? அதற்கு முன்னால் எழுதவில்லையே. ஜெயந்தியை உனக்குத் தெரியும், என்னிடம் முதலில் பட்டம் வாங்கியவள். அவளிடம் போனில் சொன்னேன். "ரிடையர் ஆனதும் மனசாட்சி வந்துடுச்சா மேடம்?" என்று கேட்டு வைத்துவிட்டாள். கேட்கட்டும். கேட்க வேண்டியவள்தான். அவளுடைய தீசிஸில் எது நிற்கும், எது விழும் என்று உட்கார்ந்து பார்த்து, முக்கால்வாசி நிற்கும் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. உன் அப்பாவிடமும் சொன்னேன். மனுஷர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை அப்படியே தட்டில் வைத்துக்கொண்டு, "எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? அவன்கிட்ட சொன்னியா?" என்றார். எழுந்து கை கழுவினவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உன் அப்பா என்னோடு பேசாமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

இதழிலிருந்து பதில் வந்துவிட்டது. திருத்தத்தை வெளியிடுகிறார்கள். பிழையைக் கண்டுபிடித்தவர் பெயரும் பணியிடமும் கேட்டிருக்கிறார்கள். உன் பெயரைப் போட்டு, பணியிடம் என்று உன் கம்பெனிப் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை. உன்னைக் கேட்காமல் இன்னொரு தடவை உன் விஷயத்தில் நான் முடிவு செய்ய மாட்டேன். வேண்டாம் என்று சொன்னால் எடுத்துவிடுகிறேன். இதற்குப் பதிலாக என்னை மன்னித்துவிடு என்றும் கேட்கவில்லை. இப்போது போய் எம்.எஸ்சி. படி என்று நான் வாய் தவறிச் சொன்னால் என்னை வீட்டை விட்டு அனுப்பு.

கல்யாணத்துக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் அம்மா இல்லையா, வாய் சும்மா இருக்காது. சுகன்யா ஏதாவது தப்பு என்று சொன்னால், முதலில் அவள் கையில் இருக்கிற தாளை வாங்கிப் பார். அவள் சின்னவள், புதியவள், உனக்கு அவசரம், ஷிஃப்டுக்கு நேரமாகிறது, எதுவாக இருந்தாலும் பார். அவள் போன வாரம் அழுதது மாதிரிதான் இந்த வாரமும் அழுகிறாள் என்று நினைத்துத் தாண்டிப் போகாதே. நாளைக்குப் பிள்ளை பிறந்து உன் எதிரில் வந்து நின்று "அப்பா, இது சரியில்ல" என்று சொன்னால், அடுப்பில் எது தீய்ந்தாலும் தீயட்டும். உட்கார்ந்து கேள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதக் காரணமே அதுதான். கல்யாணத்துக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர்கள் பரணைக் காலி செய்யச் சொன்னார்கள். உன் கல்லூரிப் பெட்டியை இறக்கினேன். அடியில் ஒரு லாங் சைஸ் நோட்டு, முழுக்கப் பச்சை மை. நான் உன்னைத் திட்டின அடுத்த நாள் தேதியிலிருந்து ஆரம்பிக்கிறது. நீ விட்டுவிட்டாய் என்று நினைத்திருந்தேன். நீ விடவில்லை. அம்மா தப்பாகச் சொல்ல மாட்டாள், தப்பு தன்னிடம்தான் இருக்கும் என்று நம்பி, எங்கேயாவது அந்தப் பதினொரு புள்ளியில் எண் உட்கார்ந்துவிடாதா என்று ஒவ்வொரு விதமாகப் போட்டுப் பார்த்திருக்கிறாய். ஜூலை வரை. நாற்பத்தொரு பக்கம். என் தேற்றத்தைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறாய், என் ராசா. நான் நேர்முகத்தில் பொய் சொன்ன அன்றைக்கும் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். நாற்பத்தொன்றாவது பக்கத்தில் கடைசியாக ஒரு வரி: 'அம்மா சொன்னது சரி. எனக்குக் கணக்கு வராது.'

அந்த நோட்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நீ கொடுத்த சிவப்புப் பேனாவை முதன்முதலாகத் திறந்து, மூன்று நாள் உட்கார்ந்து, ஒரு மாணவனின் விடைத்தாளைத் திருத்துகிற மாதிரி வரிவரியாகத் திருத்தினேன். நாற்பத்தொரு பக்கத்தில் ஒரு நிலையைக்கூட நீ தாண்டிப் போகவில்லை. ஒரு கூட்டல்கூடத் தப்பில்லை. கடைசி வரியை மட்டும் அடித்திருக்கிறேன்.

அம்மா